நாலு மாசத்துக்கு ஒரு வீடு

மகனே, இதை எழுதுவது நான்தான். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்விடுகிறது. ரூமில் பாதிப் பேர் ஜும்மாவுக்குப் போன பிறகு, கட்டிலில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிடும்போது ஏழெட்டு வரி முடிந்திருக்கும். அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்வேன். தான் எழுதியதைத் தானே படிக்கிற சந்தோஷம் சின்ன வயதில் படித்த உங்களுக்கெல்லாம் மறந்துபோயிருக்கும். அறுபத்து நாலு வயதில் கிடைத்தவனுக்கு அது தினமும் புதிதாக இருக்கிறது. ஆனால் எழுதப்போகும் விஷயம் சந்தோஷமானது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

நீ உன் கல்யாணத்தைச் சொல்ல நார்வேயிலிருந்து போன் பண்ணிய அன்று, நான் இங்கே அல் ஐனில் ரோட்டு ஓரத்துப் பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்றாய். பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றுகூட இல்லை. பண்ணி முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பெண் நார்வேக்காரி, பெயர் மாரித் என்றாய். என் கையில் ஹோஸ் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்தி நிரம்பி ரோட்டில் தண்ணீர் போனது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து "அரே பாய், பானி!" என்று கத்தினான். நம் பக்கத்தில் பெண் எடுக்கும்போது எந்தத் தகப்பனும் முதலில் கேட்பதையே நானும் கேட்டேன்.

"பொண்ணு எந்த ஊரு? ஊரு எப்படிப்பட்ட ஊரு?"

நீ சிரித்தாய். "சின்ன ஊருப்பா. பேரு ஸ்டைன்தால். ஒரு காலத்துல தனிப் பஞ்சாயத்தா இருந்துச்சு. இப்ப இல்ல. பக்கத்து டவுனோட சேத்துட்டாங்க."

"ஏன் சேத்தாக? ஊருக்காரவுக என்ன தப்புப் பண்ணுனாக?"

"அது பெரிய கதைப்பா. அதுக்குன்னு ஒரு புத்தகமே இருக்கு. மாரித்தோட தாத்தாதான் அந்தப் பஞ்சாயத்துக்குக் கடைசித் தலைவர்."

"அப்ப அத எனக்கு அனுப்பு. தமிழ்ல எழுதி அனுப்பு. நான் படிச்சுக்கிறேன்."

எனக்குப் படிக்கத் தெரியும் என்று அன்றுதான் உனக்குச் சொன்னேன். "நெசமாவாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாய்.

படித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொல்லித்தந்தது சாகுல். ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரன், எங்கள் கேம்புக்கு எதிரே பக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருக்கிறான், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். அரிசிச் சாக்கில் தமிழில் அச்சடித்திருப்பதை நான் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். "என்ன அண்ணே, தரம் பாக்குறீகளா?" என்றான். "இல்லடா, இது என்ன எழுத்துன்னு பாக்குறேன்" என்றேன். அங்கே ஆரம்பித்தது. ரூமில் எல்லோரும் கேலி பண்ணினார்கள். "இந்த வயசுல படிச்சு கலெக்டராவா போகப் போறீக?" என்று ஒருவன் கேட்டான். "கலெக்டரு கையெழுத்துப் போட்டதப் படிக்கத்தான்டா போறேன்" என்றேன். இரண்டு வருஷம் ஆயிற்று. அரிசிச் சாக்கு, மசாலாப் பாக்கெட், தினசரிக் காலண்டர், ஊரிலிருந்து வருபவர்கள் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக் கொண்டுவரும் பேப்பர், இவ்வளவுதான் நான் படித்தது. முழுதாக ஒரு புத்தகம் படித்ததில்லை. நீ அனுப்பியதுதான் முதல் புத்தகம்.

நீ அனுப்பியதை நான் குறை சொல்லமாட்டேன். நீளக் கோடு போட்ட நோட்டில், பெரிய பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருந்தாய். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கு எப்படி எழுதவேண்டும் என்று யோசித்து எழுதியிருந்தாய். ஆபீஸ் முடிந்து வந்து எத்தனை நாள் உட்கார்ந்தாயோ. சாகுல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க மகன் ஒங்க மேல உசிர வச்சிருக்காருண்ணே" என்றான். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மகனே, அந்த ஊர்க் கதை எனக்குப் பிடித்திருந்தது. நீளமான பள்ளத்தாக்கு, நடுவில் ஏரி, இரண்டு கரையிலும் பண்ணைகள். முதலில் அவர்கள் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஊரோடுதான் இருந்திருக்கிறார்கள். கோவிலுக்குப் போக, வரி கட்ட, பிணம் புதைக்க எல்லாவற்றுக்கும் படகு. பனிக்கட்டி உடைகிற காலத்தில் படகும் போகாது, நடக்கவும் முடியாது. அப்போது செத்தவர்கள் வாரக்கணக்கில் தானியக் கொட்டகையில் கிடந்தார்களாம். அதனால் மனுப்போட்டுத் தனிப் பஞ்சாயத்து வாங்கினார்கள். கூட்டம் போடக் கட்டடம் இல்லை. ஒரு பண்ணை வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பஞ்சாயத்துப் புத்தகங்களை ஒரு மரப்பெட்டியில் வைத்து, தலைவர் மாறும்போது பெட்டியைச் சறுக்குவண்டியில் ஏற்றிப் புதுத் தலைவர் வீட்டில் இறக்குவார்களாம். ரோட்டை இன்ன பண்ணைக்கு இவ்வளவு தூரம் என்று பங்கு பிரித்து, எல்லையில் கல் நட்டு, அவரவர் பங்கை அவரவர் பராமரிக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பலதியா வேலை பார்க்கிறவன். பலதியா என்றால் இங்கே முனிசிபாலிட்டி. அதற்கு ஆள் கொடுக்கிற கம்பெனியில் முதலில் குப்பை வண்டி, பிறகு மரத்துக்குத் தண்ணீர். ஒரு முனிசிபாலிட்டி எப்படி நடக்கிறது என்று கீழே இருந்து எனக்குத் தெரியும். உன் புத்தகத்தில் தலைவர்கள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. ரோட்டில் பனியை வாரிப்போட்டவன் பெயர் ஒன்றுகூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

பிறகு ஐந்தாவது அத்தியாயம் வந்தது. நாலு அத்தியாயத்தை ஒன்றரை மாதத்தில் படித்தவன், அந்த ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். எழுத்துக் கடினம் இல்லை. நீ எளிதாகத்தான் எழுதியிருந்தாய்.

அந்த ஊரில் நாதியற்றவர்களை என்ன செய்தார்கள் என்று அதில் இருந்தது. பஞ்சாயத்தில் அனாதை இல்லம் கட்ட வசதி இல்லை. அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். தாய் இல்லாத பிள்ளையோ, வேலை செய்ய முடியாத கிழவனோ, பண்ணை பண்ணையாக மாறி மாறிப் போய் இருக்கவேண்டும். பெரிய பண்ணை என்றால் கூட நாள், சின்னப் பண்ணை என்றால் குறைந்த நாள். முறை முடிந்ததும் இந்தப் பண்ணைக்காரர் கொண்டுபோய் அடுத்த பண்ணையில் விடவேண்டும். ஒரு பையனைப் பற்றித் தனியாக இரண்டு பக்கம் இருந்தது. அவன் பெயரை அவர்கள் எழுதி வைக்கவில்லை. பையன் என்றே எழுதியிருக்கிறார்கள். முறை மாறுகிற அன்று அவனுக்கு மதியச் சாப்பாடு யார் போடுவது என்று இரண்டு பண்ணைக்கும் சண்டை. விட்டுவிட்டுப் போகிற வீடு, இன்று இவன் எங்கள் ஆள் இல்லை என்கிறது. வாங்கிக்கொள்கிற வீடு, நாளையிலிருந்துதான் எங்கள் ஆள் என்கிறது. அவன் இரண்டு வீட்டுக்கும் நடுவில், ரோட்டுப் பங்குக்கு நட்ட கல்லின் மேல் உட்கார்ந்திருந்தானாம். வழக்குப் பஞ்சாயத்துக்கு வந்தது. விட்டுப்போகிற வீடுதான் மதியச் சாப்பாடு போட்டு அனுப்பவேண்டும் என்று தீர்மானம் எழுதி, பெட்டியில் வைத்தார்கள்.

அன்று நான் உனக்கு போன் பண்ணினேன். கார்டு வாங்கி நானாகப் பண்ணினேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"இது நெசமாவே அந்தப் புத்தகத்துல இருக்கா, இல்ல நீயா எழுதுனதா?"

"எதுப்பா?"

"அந்தப் பையனை வீடு வீடா அனுப்புனது."

"புத்தகத்துல இருக்குப்பா. வரிக்கு வரி அதேதான்." பிறகு நீயாகவே சொன்னாய். "மத்த அத்தியாயத்துல ஒங்களுக்குப் புரியாதுன்னு அங்கங்க ரெண்டு வரிய விட்டிருக்கேன். அதுல மட்டும் எதையும் விடல."

"ஏன் விடல?"

"மீட்டிங் இருக்குப்பா. அப்புறம் பேசுறேன்."

அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் பேசவேண்டும் என்று விட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பேசுகிறேன்.

உன் அம்மா மஞ்சள்காமாலையில் போனபோது உனக்கு ஏழு வயது. நான் கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஒரு மாத லீவு. அந்த லீவில் ஒரு நாள் உன் பெரியம்மா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். உன் பெரியம்மா, என் தம்பி, உன் அத்தை. மூன்று பேரும் மூன்று ஊர். மூன்று ஊருக்கும் நடுவில் உன் பள்ளிக்கூடம். ஒரே வீட்டில் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள யாரும் வாய் திறக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. நான்தான் யோசனை சொன்னேன். மகனே, இதை நன்றாகப் படித்துக்கொள்: யோசனை என்னுடையது. ஆளுக்கு நாலு மாசம், யாருக்கும் பாரமில்லை என்றேன். உன் சித்தப்பா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீ கவலைப்படாமப் போ. நம்ம புள்ள. மூணு வீட்டுக்கும் பொது" என்றான். பொதுக் கிணறு, பொது வழி என்பதுபோல. அவன் சொன்னது எனக்கு அன்று அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பூர்வீக வீட்டில் என் பாதியை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ரேகை வைத்தேன். உன்னைப் பார்த்துக்கொள்வதற்கு என்று வாயால் பேசிக்கொண்டோம். பத்திரத்தில் உன் பெயரே இல்லை என்று பிறகு தெரிந்தது. அதைப் படித்துச் சொல்ல அன்று என் பக்கத்தில் ஆள் இல்லை. கேட்க எனக்கும் வெட்கம்.

நாலு மாசம் என்று சொன்னேனே, எந்த மாசம் என்று சொல்லவில்லை. இதுதான் நான் செய்த தப்பு. உன் பெரியம்மாவும் அத்தையும் தமிழ் மாசம் கணக்குப் பார்க்கிறவர்கள். சித்திரையில் எடுத்தால் ஆடிக் கடைசியோடு அவர்கள் முறை முடிந்தது. உன் சித்தப்பா பஸ் கண்டக்டர்; அவனுக்கு மாசம் என்றால் இங்கிலீஷ் மாசம், சம்பளம் வருகிற ஒன்றாம் தேதி. ஆடி முடிந்ததும் பெரியம்மா உன் துணியைப் பையில் போட்டு பஸ் ஏற்றிவிடுவாள். அங்கே போனால் சித்தி, "ஒன்னாந்தேதி பொறக்கலயே, அதுக்குள்ள வந்துட்ட?" என்பாள். நடுவில் ரெண்டு வாரம். மார்கழியில் திரும்பவும் அதே கதை. சித்தப்பாவுக்கு டிசம்பரோடு முடிந்துவிடும், அத்தைக்குத் தை பிறந்தால்தான் தொடங்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, இரண்டு இரண்டு வாரம், நீ யார் முறையிலும் இல்லை; அதனால் அடுத்த சுற்று ஒரு மாசம் தள்ளித் தொடங்கும். சோறு போடாமல் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். நம் ஆட்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. சொல்லிக்காட்டிப் போட்டார்கள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று பஸ்ஸில் அனுப்பினார்கள். சித்தப்பா கண்டக்டர் என்பதால் உனக்கு டிக்கெட் கிடையாது, அதனால் அனுப்புவது சுலபமாக இருந்தது.

ஸ்டைன்தால் ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சண்டை வந்ததும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்தார்கள். நம் வீட்டில் எழுதுகிறவன் இல்லை. நான் வாயால் சொல்லிவிட்டு பிளேன் ஏறினேன்.

போன வெள்ளிக்கிழமை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். அடுத்து எழுதவேண்டியதை எழுதக் கை வரவில்லை. சாகுல் கடையில் போய் டீ குடித்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

உனக்கு எட்டு வயது முடிந்திருக்கும். நம் ஊர் ஆறுமுகம் லீவு முடிந்து கேம்புக்கு வந்தான். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, என்னைத் தேடி வந்தான். "ஒன் மகனை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்டா. பைய மடியில வச்சுக்கிட்டு சிமெண்ட் கட்டையில ஒக்காந்திருந்தான். எங்கடா போறன்னு கேட்டேன். தெரியல மாமா, ரெண்டு வீட்டுலயும் இன்னும் மாசம் பொறக்கலன்னு சொல்றாங்கங்கிறான். நான் புரோட்டா வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். நீ ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாடா" என்றான்.

அதனால், மகனே, எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது சரியில்லை. எனக்குத் தெரியும். அன்றிலிருந்து தெரியும். தெரிந்தும் நான் போகவில்லை. போனால் மூன்று பேரையும் திரும்ப உட்காரவைத்துப் பேசவேண்டும். யாராவது ஒருத்தர், முடியாது, நீயே வந்து வளர்த்துக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் எனக்கு அல் ஐன் இல்லை. எனக்கு இந்த ஊரை விட்டுவர மனமில்லை. அதுதான் உண்மை. எல்லோரிடமும் உனக்காகத்தான் இங்கே கிடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாதி உனக்காக. மீதிப் பாதி, இங்கே நான் ஒரு ஆள், அங்கே என் தம்பிக்கு அண்ணன், அவ்வளவுதான் என்பதால்.

போவதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? கேசட் அனுப்பினேன். அப்போது எழுதத் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். டேப்பில் பேசி, ஊருக்குப் போகிறவன் பெட்டியில் வைத்து அனுப்புவோம். அந்தக் கேசட்டில் உன் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அத்தைக்கும் நன்றி சொன்னேன். நீ சொல் பேச்சுக் கேட்டு நடக்கவேண்டும் என்று அதட்டினேன். அதை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள், நடுவில் நீயும். நீ பேசிய கேசட் திரும்பி வந்தது. "நல்லா இருக்கேம்பா" என்று உன் குரல். பின்னால் உன் சித்தி குரல் கேட்டது: "இன்னும் சத்தமாச் சொல்லுடா, அப்பாவுக்குக் கேக்க வேணாமா?" நீ இன்னும் சத்தமாகச் சொன்னாய். நான் அந்த இடத்தைப் பலமுறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஆறுமுகத்தையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். "பாரு, நல்லா இருக்கேங்கிறான்" என்றேன். அவன் எழுந்து போனான். அதற்கப்புறம் ஊர் விஷயம் எதையும் அவன் என்னிடம் சொன்னதில்லை.

நீ வளர்ந்து, படித்து, கத்தாரில் ராஸ் லஃபானில் எஞ்சினியராக வந்தாய். அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரப் பிளேன். நார்வேக்குப் போவதற்கு முன் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வந்தாய். எங்கள் ரூமில் உட்கார்ந்தாய். சாகுல் பெப்ஸி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தம்பி எந்த ஊர்ல வளந்தீக?" என்று கேட்டான். "மூணு ஊர்ல" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

இனி இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். வயதாகிவிட்டது, விசா அடிக்கமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கலாஸ், முடிந்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் நீ போன் பண்ணினாய். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் முன்னாலேயே பேசி முடித்திருந்தாய்.

"இங்க குளிரு தாங்க மாட்டீங்கப்பா. விசாவும் லேசுல கிடைக்காது. நான் ஊர்ல எல்லார்கிட்டயும் பேசிட்டேன். சித்தப்பா வீட்ல நாலு மாசம், அத்தை வீட்ல நாலு மாசம், பெரியம்மா மகன் வீட்ல நாலு மாசம். செலவுக்கு நான் அனுப்பிடுறேன். யாருக்கும் பாரமா இருக்காது."

"யோசிக்கிறேன்" என்றேன். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றாய்.

அந்த நாலு மாசத்தை நீ தெரிந்துதான் சொன்னாயா, தெரியாமல் வாயில் வந்ததா என்று நான் பல நாள் யோசித்தேன். தெரிந்து சொல்லியிருந்தால் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரொம்ப நாள் காத்திருந்து சொல்லியிருக்கிறாய், அவ்வளவுதான். தெரியாமல் சொல்லியிருந்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரு மனுஷனை வைத்துக்கொள்ள இதுதான் வழி என்று நான் உனக்குப் பழக்கிவிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். எது என்று எனக்குச் சொல்லவேண்டாம். மாரித்துக்குக் குழந்தை பிறந்தால் அப்போது உனக்கே தெரிந்துவிடும்.

சாகுலிடம் சொன்னேன். அவன் அக்கா வீட்டு மாடியில் ஒரு ரூம் வாடகைக்கு இருக்கிறதாம், கடற்கரைத் தெருவில். "தனி வாசல், தனிச் சாவிண்ணே. ஆனா மீன் வாசம் அடிக்கும், பரவால்லயா?" என்றான்.

"குப்பை வண்டியில தொங்கிக்கிட்டு அல் ஐன் பூரா சுத்துனவனுக்கு மீன் வாசம் அத்தர்டா" என்றேன்.

"சமைக்கத் தெரியுமா?"

"பன்னெண்டு பேரு மெஸ்ஸுல என் முறை வர்ற அன்னிக்கு மட்டும் எவனும் வெளிய திங்கப் போனதில்ல, கேட்டுப் பாரு."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மகன்கிட்ட என்னண்ணே சொல்லுவீக? வருத்தப்பட மாட்டாரா?" என்று கேட்டான். எழுதிச் சொல்கிறேன் என்றேன்.

உன் நோட்டின் கடைசி அத்தியாயத்தைப் போன வாரம் முடித்தேன். சர்க்கார் அந்தச் சின்னப் பஞ்சாயத்தை டவுனோடு சேரச் சொல்கிறது. ரோடு நன்றாகப் போட்டுத் தருவோம், பெரிய பள்ளிக்கூடம் கட்டித் தருவோம் என்கிறது. கூட்டம் போட்டு ஓட்டுக்கு விடுகிறார்கள். எல்லோரும் சேரலாம் என்று கை தூக்குகிறார்கள், மாரித்தின் தாத்தாவும் தூக்குகிறார். ஒரே ஒரு கிழவர் தூக்கவில்லை. அவருக்கு முன்னாலேயே தெரியும், தோற்கத்தான் போகிறோம் என்று. ஆனாலும் தான் சம்மதிக்கவில்லை என்பதைத் தன் பெயரோடு எழுதவேண்டும் என்று கேட்கிறார். எழுதினார்கள். பெட்டியை டவுனுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் முடிந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் இப்போது முடி வெட்டுகிற கடை என்று எழுதியிருந்தாய். அந்தக் கிழவர் ஏன் சம்மதிக்கவில்லை என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை போலிருக்கிறது.

நானும் சம்மதிக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன், எழுதிக்கொள்: மூன்று வீட்டுக்கு முறை வைத்து நான் போகமாட்டேன். உனக்கு ஏழு வயது, மாட்டேன் என்று சொல்ல உனக்கு இடம் இருக்கவில்லை. எனக்கு அறுபத்தாறு, நான் சொல்லலாம். இது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னைப் பையோடு உட்காரவைத்தவன், தான் அப்படி உட்காரமாட்டேன் என்பது என்ன நியாயம்? அந்த மூன்று வீட்டிலும் போய்க் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு வந்தால் எனக்கு நல்லதுதான் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் அங்கே நான் நாலு வேளைச் சோறு வாங்கித் தின்பதால் நீ தின்னாத ஒரு வேளைச் சோறு உனக்குத் திரும்ப வராது. அவர்களுக்குத்தான், பார், அப்பனையும் நாங்கள்தான் வைத்துக்கொண்டோம் என்று பெயர் வரும். அந்தப் பெயரை நான் அவர்களுக்குக் கொடுக்கமாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தெரிகிறது. ஆனால் அதை எழுதிவிட்டால் நீ பதிலுக்கு ஏதாவது எழுதவேண்டி வரும். உனக்கு அந்த வேலையைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் எழுதவில்லை.

ஒரே ஒரு வேலை மட்டும் தருகிறேன். அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை நான் திருச்சியில் இறங்கி, நேரே சாகுலின் அக்கா வீட்டு மாடி ரூமுக்குப் போகிறேன். உன் சித்தப்பா கார் பிடித்து ஏர்போர்ட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் நீ அவனுக்கு போன் பண்ணு. அப்பா வரமாட்டார் என்று சொல். ஏன் என்று கேட்பான். அண்ணனுக்கு இங்க என்ன குறை வைத்தோம் என்பான், சித்தி போனைப் பிடுங்கி அழுவாள். நீ போனை வைத்துவிடாதே, மீட்டிங் என்று சொல்லிவிடாதே. காரணத்தை நீயே சொல். உனக்குத் தெரிந்த காரணம்தான். இத்தனை வருஷத்தில் அதை அவர்களிடம் நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை.